8 கி.மீ. வாக்கிங்... அப்புறம் பார்டர் பரோட்டா! எரித்த கலோரியை திரும்ப சாப்பிடலாமா? டயட்டில் இருப்பவர்களுக்கான குற்றாலக் கணக்கு

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி பக்கம் இரண்டு விஷயங்கள் களைகட்டும். ஒன்று குளியல், இன்னொன்று சாப்பாடு. மெயின் அருவியிலோ ஐந்தருவியிலோ ஒரு மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு, ஈரத் துண்டோடு பரோட்டா கடையைத் தேடிப் போவது இந்த ஊருக்கு வருபவர்களின் வழக்கம்.

இப்போது அதில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச். "இன்னைக்கு எட்டு கிலோமீட்டர் நடந்தாச்சுல்லா அண்ணாச்சி, முந்நூத்தி அறுபது கலோரி போச்சுன்னு வாட்ச்லயே காட்டுது. ரெண்டு பரோட்டா கூட போட்டா ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சை நடைப்பயிற்சிக் கூட்டத்தில் சாதாரணமாகக் கேட்கலாம்.

அந்தக் கணக்கு சரியா? உடற்பயிற்சியில் எரித்த கலோரியை டயட்டில் இருப்பவர்கள் திரும்பச் சாப்பிடலாமா, கூடாதா? வாங்க, படிப்படியாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* உங்கள் டயட் அளவில் உடற்பயிற்சி ஏற்கனவே சேர்ந்திருந்தால், திரும்பச் சாப்பிட வேண்டியதில்லை.
* சேராமல் இருந்தால், வாட்ச் காட்டுவதில் பாதி வரை சாப்பிடலாம்.
* இன்சுலின் போடுபவர்கள், கடுமையாகப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் போன்ற சிலர் கட்டாயம் சாப்பிட வேண்டும்.

8 கி.மீ. நடந்தால் உண்மையில் எவ்வளவு எரியும்?

தமிழக சுகாதாரத்துறை 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை எல்லா மாவட்டங்களிலும் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதை என்பதுதான் திட்டம். அதனால் நாமும் 8 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்வோம்.

சும்மா உட்கார்ந்திருந்தாலும் நம் உடம்பு கலோரி எரித்துக்கொண்டுதான் இருக்கும். மூச்சு விட, இதயம் துடிக்க, உடல் சூட்டைக் காக்க எல்லாவற்றுக்கும் எரிபொருள் வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 கலோரி. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் அது சுமார் மூன்றரை மடங்காகும்.

65 கிலோ எடையுள்ள ஒருவர் 8 கி.மீ. நடக்க 1 மணி 36 நிமிடம் ஆகும். 65 × 3.5 × 1.6 என்று பெருக்கினால் 364 கலோரி. வாட்ச் காட்டும் அந்த 'முந்நூத்தி அறுபது' இதுதான்.

ஆனால், இங்கே ஒரு சின்ன விஷயத்தை நிறைய பேர் கவனிப்பதில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் 100 கலோரிக்குக் கொஞ்சம் மேலே எரிந்திருக்கும். நடந்ததால் கூடுதலாக எரிந்தது சுமார் 260 கலோரி மட்டுமே. பல வாட்ச்களும் ஆப்களும் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டிவிடும்.

வாட்ச் சொல்வதை நம்பலாமா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 60 பேருக்கு 7 வகையான கைக்கருவிகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள்.

இதயத்துடிப்பைச் சொல்வதில் 7-ல் 6 கருவிகள் தேறிவிட்டன. பிழை 5 சதவீதத்துக்குள்தான். ஆனால் கலோரி விஷயத்தில் ஒன்றுகூட தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவியின் சராசரிப் பிழை 27 சதவீதம். மோசமான கருவியில் அது 93 சதவீதம்.

அதற்குப் பிறகு கருவிகள் முன்னேறியிருக்கலாம். ஆனாலும் அடிப்படைப் பிரச்சனை அப்படியேதான் இருக்கிறது. வாட்ச் கலோரியை அளப்பதில்லை. இதயத்துடிப்பு, கை அசைவு, வயது, எடை இவற்றை வைத்து ஊகிக்கிறது. எனவே காலடி எண்ணிக்கைக்கும் இதயத்துடிப்புக்கும் வாட்ச்சைப் பாருங்கள். கலோரி எண்ணைப் பார்த்து பரோட்டாவுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

உடம்பு தனியாகப் போடும் கணக்கு

சரி, வாட்ச் மிகச்சரியாகவே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எரித்தது முழுவதும் நம் கணக்கில் வருவதில்லை.

காலையில் நன்றாக நடந்த அன்று என்ன செய்கிறோம்? மதியம் கொஞ்சம் அசதியாகப் படுக்கிறோம். பக்கத்துத் தெருவுக்கும் பைக்கை எடுக்கிறோம். நமக்கே தெரியாமல் மற்ற வேலைகளைக் குறைத்துக்கொள்கிறோம். உடம்பும் உள்ளுக்குள் சில செலவுகளைச் சுருக்கிக்கொள்ளும்.

1,754 பெரியவர்களின் தரவுகளை வைத்து 2021-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு இதை எண்ணிக்கையில் சொன்னது. உழைப்பால் கூடுதலாக எரியும் கலோரியில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு இடத்தில் மிச்சம் பிடித்துவிடுகிறது. அதாவது 100 எரித்தால், நாள் முடிவில் கணக்கில் நிற்பது சுமார் 72. உடலில் கொழுப்பு அதிகம் இருப்பவர்களிடம் இந்த மிச்சம் பிடிக்கும் வேலை இன்னும் அதிகமாக இருந்தது.

நம் உதாரணத்துக்கு வருவோம். வாட்ச் காட்டியது 364. சும்மா இருந்தாலும் எரிந்திருக்கும் 104-ஐக் கழித்தால் 260. அதில் 28 சதவீதம் போனால் 187. முதலில் பார்த்த எண்ணில் கிட்டத்தட்ட பாதி!

'எரித்ததில் பாதிக்கு மேல் சாப்பிடாதீர்கள்' என்று சொல்லப்படுவதற்கான காரணம் புரிகிறதா? அது யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அங்கேதான் வந்து நிற்கிறது.

எங்கே தவறு நடக்கிறது? ஒரே நடையை இரண்டு தடவை எண்ணுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

டயட் ஆப்பைத் திறந்ததும் முதலில் ஒரு கேள்வி வரும். 'நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பானவர்?' உட்கார்ந்தே இருப்பவர், லேசான உழைப்பு, நடுத்தர உழைப்பு என்று பட்டியல் இருக்கும். அதில் எதைத் தொடுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

42 வயது, 155 செ.மீ. உயரம், 65 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆபீஸ் வேலையாக இருக்கலாம், தென்காசி வட்டாரக் கிராமங்களில் நிறைய பெண்கள் செய்யும் பீடி சுற்றும் வேலையாகவும் இருக்கலாம். வாரத்தில் ஆறு நாள் காலையில் 8 கி.மீ. நடக்கிறார்.

1990-ல் வெளியான மிஃப்ளின் சூத்திரம் என்ற பிரபலமான கணக்கின்படி, படுத்தே கிடந்தாலும் அவர் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,250 கலோரி.

* 'உட்கார்ந்தே இருப்பவர்' என்று போட்டால் 1.2-ஆல் பெருக்க வேண்டும். நாள் செலவு 1,500 கலோரி.
* 'லேசான உழைப்பு' என்று போட்டால் 1.375-ஆல் பெருக்க வேண்டும். நாள் செலவு சுமார் 1,720 கலோரி.

இடையில் உள்ள 220 கலோரி எங்கிருந்து வந்தது? அவருடைய காலை நடைதான் அது. 'லேசான உழைப்பு' என்பதைத் தொட்டவுடனே நடை கணக்கில் ஏறிவிட்டது.

எடை குறைய தினம் 300 கலோரி குறைக்கிறார் என்று வைப்போம். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி என்பதால், மாதம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் குறைய வேண்டும். இதற்கு அவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: 'லேசான உழைப்பு' என்று போட்டு, தினம் 1,420 கலோரி. நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே அளவு. திரும்பச் சாப்பிடும் பேச்சே கிடையாது.

இரண்டாவது வழி: 'உட்கார்ந்தே இருப்பவர்' என்று போட்டு, 1,200 கலோரி. நடந்த நாளில் வாட்ச் காட்டுவதில் பாதி, அதாவது 180 சேர்த்து 1,380.

பார்த்தீர்களா? இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. எது உங்களுக்குச் சுலபமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால், பலர் செய்வது மூன்றாவது வழி. 'லேசான உழைப்பு' என்று போட்டு 1,420-ஐ வாங்கிக்கொண்டு, வாட்ச் காட்டும் 360-ஐயும் முழுசாக மேலே சேர்ப்பார்கள். மொத்தம் 1,780. அவருடைய நாள் செலவே 1,720 தான்! "தினம் நடக்கேன், அளந்துதான் சாப்பிடுதேன், வெயிட் மட்டும் குறையவே மாட்டேங்குது" என்று புலம்புபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். தைராய்டு டெஸ்டுக்கு ஓடுவதற்கு முன்னால் ஆப்பில் எதைத் தொட்டிருக்கிறோம் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அருவியில் குளித்தால் ஏன் அப்படிப் பசிக்கிறது?

'குற்றாலத்தில் குளிச்சா கல்லைத் தின்னாலும் செரிக்கும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளிர்ந்த நீருக்கும் பசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வும் சொல்கிறது.

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஆண்கள் சிலரை தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒருமுறை 20 டிகிரி குளிர்நீரில், இன்னொரு முறை 33 டிகிரி வெதுவெதுப்பான நீரில். எரிந்த கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பிறகு இஷ்டம்போல் சாப்பிடச் சொன்னபோது, குளிர்நீரில் இருந்து வந்தவர்கள் 44 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

சிறிய ஆய்வுதான். அருவிக்குக் கீழே நிற்பதும் சைக்கிள் மிதிப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பசி வந்துவிட்டது என்பதாலேயே அவ்வளவு கலோரி எரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குளித்து முடித்துத் துவட்டி, சூடாக ஒரு டம்ளர் சுக்குக் காப்பி குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து இலையில் உட்கார்ந்தால் பசியின் உண்மையான அளவு தெரியும்.

இனி, பரோட்டா பக்கத்துக் கணக்கு

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சி பகுதியில் இருந்தது. அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லை போய்விட்டாலும் பிரானூர் பக்கத்துக்கு 'பார்டர்' என்ற பேர் நின்றுவிட்டது. பார்டர் பரோட்டாவும் அப்படித்தான் பேர் வாங்கியது.

ஒரு பரோட்டாவுக்கு எவ்வளவு? கடைக்குக் கடை அளவு மாறும். நீங்களே கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. 100 கிராம் மைதாவுக்கு சுமார் 350 கலோரி. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. 50 கிராம் மாவும் 10 கிராம் எண்ணெயும் இருந்தால் 265 கலோரி. சால்னாவும் சிக்கனும் தனி.

அதாவது, 8 கிலோமீட்டர் நடையும் ஒரு பரோட்டாவும் சரிக்குச் சரி. இரண்டாவது பரோட்டா, பொரித்த கோழி, வழியில் கொறிக்க நேந்திரம் சிப்ஸ், வீட்டுக்கு வாங்கும் அல்வாவில் ஒரு துண்டு எல்லாம் நடைக் கணக்குக்கு வெளியே. சிப்ஸ் மட்டுமே 100 கிராமுக்கு 500 கலோரியைத் தாண்டும்.

அதற்காக சீசனுக்கு வந்துவிட்டு பரோட்டாவைத் தொடக்கூடாதா? தாராளமாகத் தொடலாம். 'நடந்ததால் சம்பாதித்தேன்' என்று கணக்குக் காட்டாமல், இரண்டை நிதானமாக ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, அன்று இரவையும் மறுநாளையும் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். எடை என்பது வாரக் கணக்கு. ஒரு வேளைச் சாப்பாடு அதைக் கெடுத்துவிடாது. தினமும் போடும் தப்புக் கணக்குதான் கெடுக்கும்.

இவர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டும்

இதுவரை சொன்னது எடை குறைக்க விரும்பும், மற்றபடி ஆரோக்கியமான பெரியவர்களுக்கு. கீழே உள்ளவர்களுக்கு கதையே வேறு. இவர்கள் 'எரித்தது எரிந்ததாகவே இருக்கட்டும்' என்று விட்டால் ஆபத்து.

1. சுகருக்கு இன்சுலின் அல்லது சில மாத்திரைகள் எடுப்பவர்கள்: இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடந்தால் சுகர் திடீரென்று இறங்கலாம். 70-க்குக் கீழே போனால் அது தாழ்நிலை. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் எல்லாம் அதன் அறிகுறிகள். அருவியில் வழுக்குப் பாறை மேல் நிற்கும்போது இது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நடக்கும் முன் சுகர் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். அறிகுறி வந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரை அளவை மாற்றுவது டாக்டர் மட்டுமே.

2. போலீஸ், ராணுவத் தேர்வுக்குப் பயிற்சி செய்பவர்கள்: விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆண் காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். இவர்கள் எரிப்பதைத் திரும்பச் சாப்பிடாவிட்டால் வேகம் குறையும், காயம் ஆறாது, எலும்பில் விரிசல்கூட வரலாம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது முக்கியமான எச்சரிக்கை மணி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' என்று தனிப் பெயரே வைத்தது. தேர்வுக்குத் தயாராகும் மாதங்களில் டயட்டைத் தள்ளிவைப்பதே நல்லது.

3. உடல் உழைப்புத் தொழிலாளர்கள்: வயல் வேலை, செங்கல் சூளை, சுமை தூக்கும் வேலை பார்ப்பவர்களுக்கு உழைப்புதான் உடற்பயிற்சி. ஐ.சி.எம்.ஆர். 2020 அளவுகளின்படி, உட்கார்ந்த வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு நாளுக்கு 2,110 கலோரி தேவை. நடுத்தர உழைப்பு என்றால் 2,710. 55 கிலோ பெண்ணுக்கு இது முறையே 1,660, 2,130. இந்த இடைவெளியைப் பட்டினியால் அடைக்க முடியாது.

4. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள்: டாக்டர் சொல்லாமல் கலோரி குறைக்கும் டயட்டே வேண்டாம்.

திரும்பச் சாப்பிடுவது என்றால் எதை?

பாதிக் கணக்கான 180 கலோரிக்கு என்ன கிடைக்கும்? சாம்பாரோடு இரண்டு, மூன்று இட்லி. அல்லது இரண்டு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் மோரும். அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். சீசன் நேரம் என்றால் ரம்புட்டான், மங்குஸ்தான் இருக்கவே இருக்கிறது.

இதில் முட்டைக்கும் சுண்டலுக்கும் ஒரு லாபம் உண்டு. புரதம் சேர்வதால் பசி தாங்கும். எடை குறையும்போது தசை கரைவதும் குறையும்.

கடைசித் தீர்ப்பு தராசு கையில்

எந்தச் சூத்திரமும் உங்கள் உடம்பை நேரில் பார்த்ததில்லை. அதனால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

* காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் பார்த்து சராசரி எடுங்கள்.
* இடுப்பையும் அளங்கள். நம் நாட்டவர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.
* மூன்று, நான்கு வாரம் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள். நடுவில் மாற்ற வேண்டாம்.
* சராசரி இறங்கவே இல்லையா? திரும்பச் சாப்பிடுவதை நிறுத்திப் பாருங்கள்.
* வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்குகிறதா, தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கிறதா? அப்படியென்றால் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

ஒரு பரோட்டாவுக்குச் சமம்தான் என்றால் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நடையின் லாபம் தராசில் மட்டும் தெரிவதல்ல. ரத்த அழுத்தம், சுகர், தூக்கம், மூட்டு, மனசு என்று அது வேலை செய்யும் இடங்கள் நிறைய. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது. அந்தப் பட்டியலில் சேராமல் இருக்க நடை உதவும்.

எனவே நடையை நடைக்காக நடங்கள். சாப்பாட்டைப் பசிக்கும் அளவுக்கும் ஏற்பச் சாப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் கல்லாப்பெட்டி வைத்து, 'இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு எடுத்துக்கிறேன்' என்று கணக்குப் போடும்போதுதான் ஏமாறுகிறோம்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. சர்க்கரை நோய், இதயநோய், சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் உணவிலோ உடற்பயிற்சியிலோ மாற்றம் செய்யும் முன் மருத்துவரைக் கலந்து ஆலோசிக்கவும்.)